சீட் ஒருவருக்கு, இடமாற்றம் இருவருக்கு

மருத்துவ முதுநிலைக் கலந்தாய்வில் ஒருவருக்கு ரோத்தக்கிலோ ராஞ்சியிலோ எம்.டி. இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்குச் சேலத்தில் வேலை. அல்லது மனைவி மதுரையில் ஆசிரியை. கல்லூரியில் போய்ச் சேர ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் அவகாசம். அதற்குள் இரண்டு பேரின் அடுத்த மூன்று வருடத்தை முடிவு செய்தாக வேண்டும். இருவரும் சேர்ந்து போவதா, ஒருவர் இங்கேயே இருந்து சம்பாதிப்பதா, ஒருவர் முன்னால் போய் மற்றவர் ஆறு மாதம் கழித்துப் போவதா?

எம்.பி.பி.எஸ். சேரும்போது பெரும்பாலோருக்கு வயது பதினெட்டு. ஹவுஸ் சர்ஜன் காலமும் சேர்த்து ஐந்தரை ஆண்டு முடித்து வெளியே வரும்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு. பிறகு முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்காக ஒரு வருடமோ மூன்று வருடமோ படிப்பு. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதும் அதே வருடங்களில்தான். அதனால் முதுநிலை வகுப்பில் திருமணமானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இருப்பது சாதாரணம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில வருடம் பணியாற்றிவிட்டு சர்வீஸ் கோட்டாவில் வருகிறவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகளே இருப்பார்கள். நீட் இளநிலைத் தேர்வின் வயது உச்சவரம்பு 2022-ல் நீக்கப்பட்டதால், குடும்பமான பிறகு எம்.பி.பி.எஸ். சேரவும் வழி திறந்திருக்கிறது.

இந்த இடப்பெயர்வைப் பற்றி வீடுகளில் நடக்கும் பேச்சு படிக்கப்போகிறவரைச் சுற்றியே நடக்கிறது. நல்ல காலேஜா, நல்ல பிராஞ்சா, கட்டாயப் பணி பாண்ட் எத்தனை வருடம், சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்பார்கள். கூடப் போகிறவர் அந்த ஊரில் காலை எட்டு மணிக்குமேல் என்ன செய்வார் என்று கேட்க ஆள் இருக்காது. சேர்ந்து போவது நல்லதா கெட்டதா என்பது அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்கிறவரின் மூன்று வருடம் எப்படியும் கல்லூரி வகுத்த பாதையில் ஓடிவிடும். மற்றவரின் மூன்று வருடத்துக்கு யாரும் பாதை வகுத்து வைத்திருப்பதில்லை.

கலந்தாய்வின் காலக்கணக்கு

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்கான கலந்தாய்வை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. மீதிப் பாதியை அந்தந்த மாநிலம் நிரப்புகிறது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு. ஒரே ஆள் இந்த மூன்று வரிசையிலும் ஒரே சமயத்தில் நிற்கலாம், நிற்கிறார்கள்.

முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்துகொண்டே அடுத்த சுற்றில் அப்கிரேடு கேட்கலாம். அப்படிக் கேட்டவருக்கு நவம்பரில் நாக்பூர், டிசம்பரில் கோழிக்கோடு என்று மாறலாம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால்தான் இடம் கைக்கு நிலைத்தது என்று சொல்ல முடியும். படிப்பவருக்கு இது லாபம். வீடு பார்க்கிற குடும்பத்துக்குப் பெரும் சோதனை. முதல் அலாட்மென்ட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்து, பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றிய பிறகு அப்கிரேடு வந்தால், போட்ட பணம் போனது போனதுதான். கலந்தாய்வு முழுக்க முடியும்வரை இரண்டாமவர் வேலையை விடக் கூடாது, வீடு மாற்றக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சில வாரங்கள் பிரிந்திருப்பதால் கெடப்போவது எதுவும் இல்லை.

எந்த மாதத்தில் சேர வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. 2021-ல் ஏப்ரல் 18-ல் நடக்கவிருந்த நீட் பி.ஜி. தேர்வு செப்டம்பர் 11-க்குத் தள்ளிப்போனது. இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கால் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. 2024-ல் ஜூன் 23-ல் நடக்கவிருந்த தேர்வு முந்தைய இரவு ஒத்திவைக்கப்பட்டு ஆகஸ்ட் 11-ல் நடந்தது. முதல் சுற்று நவம்பரில். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனிலும், வடமாநிலங்களில் பெரும்பாலும் ஏப்ரலிலும் தொடங்குகிறது. இப்படித் தள்ளிப்போகும் ஆண்டுகளில் மருத்துவர்கள் சேர்வது இரண்டுக்கும் பொருந்தாத குளிர்காலத்தில். பிள்ளையை நடு ஆண்டில் பிடுங்கிக்கொண்டு போக முடியாமல், ஒருவர் ஊரில் தங்கிக் கல்வியாண்டை முடித்துவிட்டுப் போவது என்ற ஏற்பாடு அநேகமாக இந்தக் காலக்கணக்கால்தான் வருகிறது.

ஊரைவிட பிராஞ்ச்

சேர்ந்து வாழ்வது என்றால் எத்தனை மணி நேரம் சேர்ந்து வாழ்வது? மத்திய சுகாதார அமைச்சகம் 1992-ல் கொண்டுவந்த ரெசிடென்சி திட்டம், ரெசிடென்ட்களாக வேலை செய்யும் முதுநிலை மாணவர்களின் தொடர்ச்சியான பணி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள் மணிக்கணக்கு எதையும் குறிப்பிடவில்லை. நியாயமான வேலை நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்கின்றன. அதே ஆணையம் மாணவர் மனநலம் பற்றி அமைத்த பணிக்குழு 2024-ல் அளித்த அறிக்கை, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 74 என்ற எண்ணை உச்சவரம்பாகப் பரிந்துரைக்க வேண்டிய நிலை இருக்கிறது என்றால், வார்டில் நடப்பது என்ன என்பது விளங்கும். அந்தக் குழு நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்த முதுநிலை மாணவர்களில் சுமார் 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். துணைவர் அருகில் இருப்பதைச் சொகுசு என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைக்க வேண்டும்.

முதல் வருடம் மிகக் கடினமானது. காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே போய் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேகரிப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்க அலைவது, இரவு கேஷுவாலிட்டி எல்லாமே ஜூனியரின் தலையில் விழும். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, எலும்பு முறிவு ஆகிய துறைகளில் முதல் வருடக்காரர் வீட்டுக்கு வருவது குளிக்கவும் தூங்கவும் மட்டுமே. தோல் மருத்துவம், நோய்க்குறியியல் போன்றவற்றில் மாலையாவது கைக்குக் கிடைக்கும். ஆகவே ஒப்பீட்டை ஊருக்கு ஊர் என்பதைவிட பிராஞ்சுக்கு பிராஞ்ச் என்று பார்ப்பது சரி. சொந்த மாவட்டத்தில் அறுவை சிகிச்சை படிக்கிறவரைவிட, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தோல் மருத்துவம் படிக்கிறவர் குடும்பத்தோடு அதிக நேரம் இருக்கக்கூடும். விருப்பப் பட்டியல் நிரப்பும்போது கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து இதைப் பேசுவது நல்லது. பட்டியல் பூட்டப்பட்ட பிறகு பேசிப் பயனில்லை.

இரண்டாம் வருடத்தில் ஓரளவு மூச்சு விடலாம். ஆனால் நடுவில் மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அது கல்லூரி இருக்கும் ஊரிலேயே அமையும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் வருடத்தில் தீசிஸ், பிறகு தேர்வு. கல்லூரி தங்குமிடம் தர வேண்டும், ஆனால் மாணவர் விடுதியில் தங்கியாக வேண்டியதில்லை என்பது 2023 விதிகளில் இருக்கிறது. குடும்பஸ்தர்களுக்கு இது முக்கியமான உரிமை. பல கல்லூரிகளில் விடுதியறை ஒற்றை ஆளுக்கானது. குடும்பக் குவார்ட்டர்ஸ் சிலவே. வெளியே வீடு எடுத்தால், அது மருத்துவமனை வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். வாடகை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை. இரவு இரண்டு மணிக்கு ஆன்-கால் முடிந்து வருகிறவர் பதினைந்து நிமிடத்தில் படுக்கையில் விழுவதற்கும் ஒரு மணி நேரம் கழித்து விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

கூடப் போகிறவர்

பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர் 1978-ல் குடும்பங்கள் இடம்பெயர்வதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிப்படையானது. தனியாளாக இருந்தால் போயிருக்க மாட்டார், ஆனால் துணைவருக்காகப் போகிறார் என்பது ஒரு வகை. தனியாளாக இருந்தால் போயிருப்பார், துணைவருக்காகத் தங்கிவிடுகிறார் என்பது இன்னொரு வகை. குடும்பத்தின் மொத்த வருமானம் கூடினாலும் இப்படிக் கட்டுண்டு போகிறவரின் சொந்த வருமானமும் வேலையும் அடிபடும் என்று அவர் காட்டினார். அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் மனைவியர். நம் ஊரில் இதற்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. கணவனுக்கு வடக்கே சீட் கிடைத்தால் மனைவி வேலையை விடுவது இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மனைவிக்கு வடக்கே சீட் கிடைத்தால், குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவள் தனியாகப் போவதுதான் முதலில் பேசப்படும் யோசனை. கணவன் வேலையை மாற்றிக்கொண்டு கூடப் போனால் அதை உறவினர்கள் வருடக்கணக்கில் பேசுவார்கள். மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் இவ்வளவு நிறைந்திருக்கும் காலத்தில் இந்த வழக்கத்தை அப்படியே வைத்திருப்பது அநீதி.

வேலையை விடாமல் போக முடியுமா என்பது வேலையைப் பொறுத்தது. கணினித் துறையில் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மத்திய அரசுப் பணியாளருக்கு, கணவன் மனைவியை ஒரே ஊரில் பணியமர்த்துவது பற்றிய பணியாளர் துறையின் 2009 செப்டம்பர் 30 ஆணை இருக்கிறது. ஆனால் அது இருவரும் பணியில் இருக்கும் தம்பதிக்காக எழுதப்பட்டது. எம்.டி. படிப்பவர் மருத்துவமனையில் இரவு பகலாக வேலை செய்தாலும், மாற்றல் விண்ணப்பத்தில் அவர் மாணவர். இந்த இடைவெளியில் நிறையக் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. மாநில அரசுப் பணியாளருக்கு மாநிலத்துக்கு வெளியே மாற்றல் என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களின் மாறுதல் கலந்தாய்வில் கணவன் மனைவி முன்னுரிமை உண்டு. அதுவும் மாநில எல்லையோடு சரி. செவிலியர் வேறு மாநிலத்தில் வேலை பார்க்க அந்த மாநில செவிலியர் கவுன்சிலில் பதிய வேண்டும். இந்தப் பதிவு வேலைகளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொடங்காவிட்டால், போய் இறங்கிய பிறகு மாதங்கள் வீணாகும்.

மொழி இதைவிடப் பெரிய விஷயம். ரெசிடென்ட் ஆறு மாதத்தில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ பேசக் கற்றுக்கொள்வார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, பேதி ஆகிறதா என்று ஒரு நாளில் நூறு தடவை கேட்கிறவருக்கு மொழி தானாக வாயில் வந்து உட்காரும். கூடப் போனவருக்கு அப்படி ஒரு வார்டு கிடையாது. காய்கறிக்காரர், ஹவுஸ் ஓனர், சிலிண்டர் போடுகிறவர், இவ்வளவே அவருடைய உலகம். அந்த உலகம் விரிய வேண்டுமானால் அவருக்கென்று ஏதாவது அங்கே இருந்தாக வேண்டும்: ஒரு வேலை, ஒரு படிப்பு, பிள்ளையின் பள்ளி வழியாகக் கிடைக்கும் நட்பு, ஒரு தமிழ்ச் சங்கம். டெல்லி போன்ற நகரங்களில் தமிழ்ச் சங்கமும் தமிழர்கள் நடத்தும் பள்ளிகளும் உண்டு. சிறிய ஊர்களில் அந்த வசதி இருக்காது.

இருவருமே மருத்துவர் என்றால்

தமிழ்நாட்டில் மருத்துவர் மருத்துவரையே மணப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட தம்பதியில் பெரும்பாலும் ஒருவருக்கு இடம் கிடைக்கும், மற்றவர் அடுத்த வருடத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். இடம் கிடைத்தவரைத் தேடிப் போய் அதே ஊரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து படிப்பதில் நன்மையும் உண்டு. ஆனால் அடுத்த வருடம் அவருக்கு அதே ஊரில் இடம் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணவன் முதல் வருடம் ஒரு மாநிலத்தில், மனைவி அடுத்த வருடம் இன்னொரு மாநிலத்தில் என்று மூன்று வருடப் பிரிவு நான்காகி, பாண்ட் பணியால் ஐந்தாகிறது. கட்டாயப் பணி பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்ட் 19-ல் தீர்ப்பளித்துவிட்டதால் அதிலிருந்து எளிதில் தப்பவும் முடியாது.

ஒரே வருடத்தில் இருவரும் தேர்வெழுதினாலும் நம் கலந்தாய்வுக்கு அவர்கள் இரண்டு தனி ஆட்கள். அமெரிக்கா இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்து வந்த கதை நமக்குப் பயன்படும். அங்கே மருத்துவப் பட்டம் பெற்றவர்களை ரெசிடென்சி இடங்களில் அமர்த்தும் தேசியப் பொருத்தும் முறை 1952-ல் தொடங்கியது. அப்போது மருத்துவம் படித்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. எழுபதுகளில் பெண்கள் எண்ணிக்கை கூடி, ஒரே வகுப்பில் படித்துத் திருமணம் செய்துகொள்பவர்கள் பெருகியதும் முறை ஆட்டம் கண்டது. தொடக்கத்தில் கொடுத்த தீர்வு, தம்பதியில் ஒருவரை முன்னணி உறுப்பினர் என்று குறிப்பிடச் சொல்வது. அவருக்கு இடம் பொருத்திய பிறகு, மற்றவரின் பட்டியலிலிருந்து தூரத்து ஊர்களை நீக்கிவிடுவார்கள். அதாவது ஒருவருடைய வாழ்வு முதன்மை, மற்றவருடையது துணை என்று கணினியே எழுதி வைத்திருந்தது. தம்பதிகள் அதை ஏற்காமல், முறைக்கு வெளியே தாங்களே மருத்துவமனைகளோடு பேசி இடம் வாங்கிக்கொண்டார்கள்.

பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் 1984-ல் இதை ஆராய்ந்தார். எந்த ஆளும் எந்த மருத்துவமனையும் பொருத்தத்தை விட்டு வெளியேற விரும்பாத நிலையான ஏற்பாடு தனியாட்களுக்கு எப்போதும் உண்டு. தம்பதிகள் உள்ளே வந்துவிட்டால் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாமலேயே போகக்கூடும் என்று காட்டினார். எண்பதுகளில் தம்பதிகள் இரண்டு இடங்களை ஒரு சோடியாக வரிசைப்படுத்தித் தர அனுமதி வந்தது. பாஸ்டனில் இவருக்கு மருத்துவம், அவருக்குக் குழந்தை நலம் முதல் விருப்பம், இருவருக்கும் சிகாகோ இரண்டாவது, இப்படி. ராத்தும் எலியட் பெரான்சனும் திருத்தியமைத்த கணக்குமுறை 1998 பொருத்தத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய நிலையான பொருத்தங்கள் பற்றிய ஆய்வுக்காக ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இன்று ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் அதிகமான இணைகள் சோடியாக விண்ணப்பிக்கிறார்கள். பிரிட்டனிலும் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் நுழையும் அடித்தளப் பயிற்சிக்கு இரண்டு பேர் விண்ணப்பத்தை இணைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் இதைச் செய்வது இன்னும் சுலபம் என்பது என் வாதம். இங்கே மருத்துவமனைக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. தரவரிசை ஒன்றே எல்லாம். கணவனின் இடம் 2,000, மனைவியின் இடம் 15,000 என்றால், இருவரும் சம்மதித்தால் இருவரையும் பதினைந்தாயிரமாவது இடத்தில் ஒன்றாகக் கூப்பிட்டுச் சோடி விருப்பங்களைப் பார்க்கலாம். தரவரிசையில் மேலே இருப்பவர் கீழே இறங்கிவருகிறாரே தவிர, கீழே இருப்பவர் யாரையும் தாண்டி மேலே ஏறவில்லை. தகுதி வரிசை குலைகிறது என்ற வாதத்துக்கு இதில் இடமில்லை. நல்ல பிராஞ்சை விட்டுக்கொடுத்தாவது ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று விரும்புகிற தம்பதிக்கு அந்த வழியைத் திறந்துவைப்பதில் யாருக்கு நட்டம்?

அமெரிக்காவிலும் இலங்கையிலும் வேறு கணக்கு

அமெரிக்காவில் கேள்வி இன்னும் முன்னாலேயே வருகிறது. அங்கே நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. எனவே முதலாண்டு மாணவரே திருமணமானவராக இருக்கலாம். நான்கு வருடம் ஓர் ஊர். மார்ச் மூன்றாம் வாரத்தில் பொருத்தம் வந்து ஜூலையில் ரெசிடென்சிக்கு இன்னோர் ஊர், மூன்று முதல் ஏழு வருடம். ஃபெலோஷிப் என்றால் மூன்றாவது ஊர். ஆனால் முடிவுக்கும் சேர்வதற்கும் இடையே மூன்று மாதம் இருக்கிறது. நமக்கு ஒரு வாரம். பெட்டி கட்டுவதற்கு மட்டுமில்லை, துணைவர் வேலை தேடுவதற்கும் அந்த மூன்று மாதம்தான் உதவுகிறது.

பணம் அங்கே கழுத்தை நெரிக்கும். மாணவர் கடனுக்குக் கணக்கிடும் செலவில் மாணவரின் செலவு மட்டுமே சேரும், துணைவரின் சாப்பாடும் வாடகைப் பங்கும் சேராது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், தொழிற்படிப்பு மாணவருக்கான கூட்டாட்சிக் கடனை 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. பல கல்லூரிகளின் மொத்தச் செலவு அதைவிட அதிகம். ஆகவே துணைவரின் சம்பளம்தான் குடும்பத்தின் முதுகெலும்பாகிறது. எந்த மாநிலத்தவர் என்பதும் முக்கியம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் பத்து விழுக்காட்டைத் தாண்ட முடியாது.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு இன்னொரு முடிச்சு. எச்-1பி விசாவில் வேலை செய்கிற கணவன், மனைவி சேரும் கல்லூரி நகரத்துக்குக் குடிபெயர்ந்து வேலையிடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்றாலும் இந்த விதி பொருந்தும். மனைவிக்கு கிரீன் கார்டு வருமுன் கூட்டாட்சிக் கல்விக் கடனும் கிடைக்காது. எனவே மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தோடு குடியேற்ற வழக்கறிஞரையும் பார்ப்பது அவசியம்.

இலங்கையில் மேற்படிப்பு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தைச் சுற்றியே அமைகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பணியாற்றுகிற மருத்துவர் முதலில் கொழும்பு, பிறகு பெரும்பாலும் வெளிநாட்டுப் பயிற்சி என்று இரண்டு பெயர்ச்சிகளுக்குக் குடும்பத்தைத் தயார்ப்படுத்த வேண்டும்.

குழந்தையும் மணவாழ்வும்

மூன்று வருடத்துக்குள் குழந்தை பெறலாமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பேறுகால விடுப்பு அரசு விதிப்படி உண்டு. ஆனால் அனுமதிக்கப்பட்ட விடுப்பு நாட்களைத் தாண்டினால் அத்தனை நாள் படிப்புக் காலமும் நீளும். தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகலாம். ஆறு மாதம் தள்ளிப்போவது உலகம் கவிழ்கிற விஷயமில்லை என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் துறைத் தலைவரின் முகச்சுளிப்புக்குப் பயந்தே தள்ளிப்போடுகிறார்கள். குழந்தை பிறந்தபின் கை கொடுப்பது இரண்டு பாட்டிகள். மாறி மாறி வந்து தங்குகிற அந்த அம்மாக்களும் இடம்பெயர்கிறவர்கள்தான்; அவர்களுக்கும் அங்கே மொழி தெரியாது, முழங்கால் வலி உண்டு, ஊரில் தனியாக விட்டுவந்த கணவர் உண்டு.

மருத்துவப் படிப்பு மணவாழ்வை உடைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, எப்போதாவது மணமுறிவு கண்டவர்கள் மருத்துவர்களில் சுமார் 24 விழுக்காடு, மருத்துவம் சாராத பிற தொழில்களில் 35 விழுக்காடு என்று கண்டது. அதே ஆய்வில் நெஞ்சைத் தைக்கும் ஒரு விவரம் இருக்கிறது. வாரத்தில் அதிக மணி நேரம் வேலை செய்வது பெண் மருத்துவர்களுக்கு மணமுறிவு வாய்ப்பைக் கூட்டியது, ஆண்களுக்குக் கூட்டவில்லை. ஆண் வீட்டில் இல்லாததைக் குடும்பம் தாங்கிக்கொள்கிறது, பெண் இல்லாததைத் தாங்குவதில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1948 முதல் 1964 வரை பட்டம் பெற்றவர்களைப் பின்தொடர்ந்து 1997-ல் வெளியான இன்னோர் ஆய்வில், படிப்பு முடியுமுன் மணந்தவர்களிடம் மணமுறிவு 33 விழுக்காடு, முடித்தபின் மணந்தவர்களிடம் 23. அந்தக் காலமும் சமூகமும் வேறு. நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் படிப்புக் காலத்தில் மணவாழ்வின் மீது விழும் பாரம் அப்போதே இருந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

எது சரி

கூடப் போகிறவருக்கு அந்த ஊரில் ஆறு மாதத்துக்குள் தனக்கென்று ஒரு வேலையோ படிப்போ அமையும் என்றால் சேர்ந்து போவது நல்லது. அமையாது என்று தெரிந்தால், முதல் வருடம் அவர் தன் வேலையில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை போய்வருவது இருவருக்கும் நல்லது. அந்த வருடத்தில் படிக்கிறவருக்குத் துணைவரிடமிருந்து தேவைப்படுவது தொலைபேசியில் ஒரு குரல், வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம். இரண்டாம் வருடம் நேரம் சற்றுக் கிடைக்கும்போது போய்ச் சேரலாம். ஆனால் படிக்கிறவரின் மனநிலை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, பேச்சு குறைகிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அன்றே கிளம்ப வேண்டும். போகிறவர் கணவனாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் இதே அளவுகோல்தான்.

தம்பதி தாங்களாகச் செய்துகொள்ள முடியாதவை சிலவும் இருக்கின்றன. முதுநிலை மருத்துவ மாணவரை, கணவன் மனைவி மாற்றல் விதிக்காகவாவது பணியாளராகக் கருதும் ஒரு திருத்தம் வேண்டும். அதை மத்திய அரசு ஓர் ஆணையில் செய்யலாம். தேர்வுத் தேதியை ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதத்தில் நிறுத்தி, சேர்வதற்கு ஒரு மாதமாவது தர வேண்டும். கலந்தாய்வுக் குழு தன் தளத்தில் கல்லூரிவாரியாகக் கட்டணம், உதவித்தொகை, பாண்ட் விவரங்களை வெளியிடுகிறது. அதே பக்கத்தில் இன்னும் மூன்று வரி சேர்க்கலாம்: குடும்பக் குவார்ட்டர்ஸ் எத்தனை, காத்திருப்போர் எத்தனை பேர், வளாகத்தில் குழந்தைக் காப்பகம் உண்டா.